இமானுவேல் ஆசாரியின் குண்டுமயில்

— அதான் அப்பவே சொன்னேன் சார், குனிஞ்சு வாங்கன்னு. இது பர்மா தேக்கு. முட்டுனா உங்க தலைதான் வீங்கும், நிலைக்கு ஒண்ணும் ஆகாது.

— விமானத்துக்கு எதுக்குங்க நிலைவாசல்? மேல கஜலட்சுமி வேற! ரெண்டு பக்கமும் யானை!

— நிலை இல்லாம எப்புடி உள்ள வாரதாம்? அம்புட்டும் செட்டியார் வீட்டுல வேலை பார்த்த கையி. குண்டு போடுற விமானம் செய்யச் சொன்னாலும், முதல்ல நிலைய நிறுத்திப் பூச்சூட்டிட்டுத்தான் மத்த வேலை. எங்கப்பா வேதக்காரருதான். ஆனா கஜலட்சுமிக்குக் கண்ணு செதுக்க, இந்தச் சுத்துப்பட்டுல இமானுவேல் ஆசாரிய விட்டா ஆளு கிடையாது.

— ஜெரினா மேடம், நான் டெல்லியிலேர்ந்து யானை பார்க்க வரலை. ரூல்ஸ்படி ஒரே ஒரு கேள்வி. இந்த விமானம் ஒரு தடவையாவது பறந்ததா? பறந்திருந்தா நினைவுச்சின்னம். வேலி போட்டு, பலகை வச்சு, இங்கேயே நிறுத்திடுவோம். பறக்கலைன்னா இது வெறும் மரம். வெளியில ரெண்டு லாரி நிக்குதே, அதுல ஏத்தி ஏலத்துக்கு அனுப்பிடுவோம்.

— லாரிய அங்குட்டு வேப்பமரத்து நிழல்ல தள்ளி நிப்பாட்டச் சொல்லிட்டேன் சார். மைதானத்துல வெயிலு கொல்லுது. டிரைவருகளுக்கு மோரும் குடுத்தாச்சு.

— பேச்சை மாத்தாதீங்க. பறந்ததா, இல்லையா?

— பறக்க விடல சார்.

— அப்ப பறக்கலை.

— கேளுங்க கதைய! பறக்காததுக்கும் பறக்க விடாததுக்கும் வித்தியாசம் இல்லையா?

— ரூல்ஸ்ல இல்லீங்க.

— உங்க ரூல்ஸ எழுதுனவரு காரைக்குடிப் பக்கம் வந்திருக்க மாட்டாரு. முதல்ல இந்த ஊஞ்சல்ல உக்காருங்க. காலு கடுக்கப் போகுது.

— விமானத்துக்குள்ள ஊஞ்சல்!

— அந்தச் சங்கிலி செம்பு போட்ட இரும்பு. நல்லாத் தாங்கும், சாஞ்சுக்கங்க.

— இதென்ன, தலைக்கு மேல இவ்ளோ பெரிய ஓட்டை? வானம் தெரியுது!

— அது முற்றம் சார். நடுவுல வானம் தெரியாம எங்காளுக எதையுமே கட்டினதில்ல. விமானத்துக்கும் விட்டுட்டாக. வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்து, துப்பாக்கி வச்சுச் சுட நல்ல தோதா இருக்குன்னு எங்கப்பா கையப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டாரு. மழைத்தண்ணி வாலு வழியாப் போகக் குழாயும் பதிச்சிருக்கு.

— அங்க, ஓட்டறவர் சீட்டுக்குக் கீழ பளபளன்னு இருக்கே, அது...

— ஆத்தங்குடித் தரைக்கல்லு. அங்க மட்டுந்தான் சார். காலு குளுந்தாத்தான் ஓட்டுறவருக்கு நிதானம் இருக்கும்.

— கடவுளே! எடையைப் பத்தி யாருமே யோசிக்கலையா?

— யோசிச்சாகளே. அதான் சாப்பாட்டுக்கூடத்த எடுத்துட்டாக.

— சரி, இதுக்குக் குண்டுமயில்னு பேர் வச்சது யாரு?

— ஊருதான். குன்றக்குடி மலை மயிலு மாதிரி இருக்குன்னு சொல்லுவாகல்ல, அந்தப் பாசத்துல வச்சது.

— காலையில பஸ்ஸுல வரும்போது அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிச்சதுதான் மிச்சம். மலை தெரிஞ்சுது, முருகன் கோயில் தெரிஞ்சுது. மயிலைக் காணோம்.

— கீழ நின்னா எப்புடித் தெரியும்? எங்கப்பாவும் பார்த்ததில்ல. மேல போய்ப் பார்த்தாத்தான் மயிலு தெரியும்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

— விஷயத்துக்கு வாங்க. யார் பறக்க விடலை?

— ஒருத்தரா ரெண்டு பேரா? ராங்கூன ஜப்பான்காரன் பிடிச்சப்ப, அங்க கடை கண்ணி வச்சிருந்த நம்மாளுக பாதிப்பேரு காட்டு வழியா நடந்தே ஊரு வந்து சேர்ந்தாக. அப்ப இந்த விமான மைதானத்துல பட்டாளத்தோட இருந்த துரை, அலுமினியம் கிடைக்கல, மரத்துலயே பெரிய குண்டு விமானம் செய்ய முடியுமா, சோதிச்சுப் பார்ப்பமான்னு கேட்டாரு. இங்க மரத்துக்கா பஞ்சம்? புது வீடு கட்ட இறக்கி வச்சிருந்த தேக்க அம்புட்டையும் தூக்கிக் குடுத்துட்டாக. மேஸ்திரி எங்கப்பா. என்ஜின் வேலைக்கு ஜமால் முகம்மது மாமா, அந்தா முன்னால நிக்கிற கலீல் அண்ணனோட அத்தா. சீமையிலகூட இம்புட்டுப் பெரிசு அப்ப கிடையாதுன்னு துரையே சொன்னாராம்.

— கட்டி முடிச்சாங்க. அப்புறம்?

— குண்டு வந்துச்சு. நல்ல நாளும் பார்த்தாச்சு. துரை ராங்கூன் படத்த விரிச்சு, எந்த எடத்துல போடலாம்னு கேட்டாரு. அங்கதான் சார் சிக்கிருச்சு.

— போடற இடத்தை அவங்கதானே முடிவு பண்ணணும்? ஊர்க்காரங்களை எதுக்குக் கேட்டாங்க?

— மரம் யாரு குடுத்தா? இங்க ஒரு கல்யாணம்னாலே பங்காளி எல்லாரையும் வச்சுக் கேட்டு, அத்தனை பேரும் சரின்னாத்தான் தாலி ஏறும். ஒரு ஊரு மேல குண்டு போடுறது சும்மாவா? ஒன்பது கோயில் செட்டியாரு வீட்டுப் பெரியவகளையும் கூப்பிட்டுப் பாய் விரிச்சு உக்கார வச்சாக. துரை துறைமுகத்துல குச்சிய வச்சாரு. ஐயோ, அது எங்க அரிசிக் கிட்டங்கின்னு ஒருத்தர் எந்திரிச்சாரு.

— சரி.

— கொஞ்சம் வடக்கால தள்ளி வச்சாரு. அது எங்க மாப்பிள்ளை கடைன்னாரு இன்னொருத்தரு. மேற்கால வச்சாரு. ஜமால் மாமா எந்திரிச்சு, அது எங்க மச்சானோட லுங்கிக்கடை, ஒட்டுனாப்புல பள்ளிவாசல்னாரு. ரயிலடிய ஒட்டி எங்க முருகன் இருக்காருன்னு நாலு பேரு ஒண்ணாக் கத்துனாக. கடைசியில எங்கப்பாவே எந்திரிச்சுட்டாரு. தெக்கால இருக்க மாதா கோயில்ல பீடம் நான் செஞ்சது, அதுல ஒரு கீறல் விழுந்தாலும் சும்மா இருக்க மாட்டேன்னுட்டாரு.

— ஜப்பான்காரன் தங்கியிருந்த இடத்துல போட வேண்டியதுதானே?

— அவன் தங்குனதே நம்மாளுக வீட்டுலதான் சார்! ராங்கூன்ல காத்தோட்டமான வீடு வேற யாருட்ட இருந்துச்சு?

— ஒரு காலி மனைகூடவா கிடைக்கலை?

— ஒண்ணே ஒண்ணு கிடைச்சுச்சு. அது அண்ணன் தம்பி வழக்குல கெடந்துச்சு. தீர்ப்பு வராம அதுல எப்புடிக் குண்டு போடுறது?

— ஹ... மன்னிச்சுக்குங்க. சிரிப்பு வந்துடுச்சு.

— சிரிங்க சார். துரையே சிரிச்சாராம். ஜப்பான்காரன் தோத்துட்டேன்னு கையெழுத்துப் போட்ட அன்னைக்கும், இங்க பேச்சு முடியாம இலை போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக.

— ஆக, குண்டே போடாத குண்டு விமானம்.

— அதை அழுத்திச் சொல்லுங்க சார்! உலகத்துல எத்தனையோ குண்டு விமானம் இருக்கு. ஒருத்தரு வீட்டுச் சட்டி பானையக்கூட உடைக்காதது எங்களுது மட்டுந்தான். அதுல எங்களுக்குப் பெருமைதான்.

— கேக்க ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா பெருமைக்குன்னு ரூல்ஸ்ல கட்டம் கிடையாது. சண்டை முடிஞ்சு அம்பது வருஷம் ஆச்சு. ஒரு தடவைகூடப் பறக்கலை. எழுதிடறேன்.

— இருங்க சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுட்டு எழுதுங்க. சண்டைக்குப் பொறவு எங்கப்பாவுக்கு வேலை வரல. பறக்காத விமானம் செஞ்ச ஆசாரின்னு பேராகிப் போச்சு. என்னையப் பொண்ணு கேட்டுத் திருப்பத்தூர்ல இருந்து வந்தாக. சீருக்குக் கட்டில் நானே செஞ்சு தாரேன்னாரு எங்கப்பா. அந்தக் கட்டிலாவது நிக்குமான்னு மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் கேட்டாரு. பந்தியே சிரிச்சுச்சு. எங்கப்பாவும் கூடச் சேர்ந்து சிரிச்சாரு. அதுக்குப் பொறவு உளியத் தொடல.

— ...எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பறந்ததைப் பார்த்தவங்கன்னு ஒருத்தராவது வேணுமே. நானே கண்ணால பார்த்திருந்தா, இந்த நிமிஷமே பறந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவேன். வேற எவன் தடுத்தாலும் கேக்க மாட்டேன்.

— சத்தியமா?

— சத்தியமா. சரி, என்ஜினாவது ஓடுதான்னு பார்த்துடறேன். ரூல்ஸ்படி அதையும் எழுதணும். மூணுதான் இருக்குன்னு கேள்விப்பட்டேன்?

— நாலும் இருக்கு. ஒண்ணு நேமத்தான்பட்டிக் கம்மாயில தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்துச்சு, போன வாரந்தான் கழட்டி எடுத்துட்டு வந்து மாட்டுனோம். கலீல் அண்ணே! சாருக்கு என்ஜினப் போட்டுக் காட்டுங்க!

— போட்டுருவோம் தங்கச்சி! ராக்காயிய ஆட்டுக்குட்டிகள ஓரமாப் பத்தச் சொன்னியா?

— அப்பவே பத்திட்டா!

— ஆட்டுக்குட்டி எதுக்கு ஓரமாப் போகணும்?

— சத்தத்துல மிரண்டுரும் சார்.

— யப்பா! விமானமே உதறுதே! பரவாயில்லை, நல்லாவே ஓடுது. ‘என்ஜின் இயங்குகிறது.’ எழுதியாச்சு. யாருங்க அந்தக் கலீல்? விமானம் தெரிஞ்சவரா?

— குவைத்து ஏர்போட்டுல பன்னெண்டு வருசம் இருந்தவரு. அங்க சண்டை வரவும் ஊருக்கு வந்துட்டாரு.

— பைலட்டா?

— விமானத்த டிராக்டர் வச்சுப் பின்னால தள்ளுறவரு.

— பின்னால தள்ளறவரா!

— பின்னால போகத் தெரிஞ்சவருக்கு முன்னால போகத் தெரியாதா சார்?

— நல்லவேளை, நிக்கிற விமானம். ஆமா, ஊஞ்சலுக்குப் பக்கத்துல ஒரு கயிறு தொங்குதே, இது எதுக்கு?

— பெல் கயிறு. ஜமால் மாமா திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் பஸ்ஸு ஓட்டுனவரு. கண்டக்டர் பெல் அடிக்காம அவருக்கு வண்டிய எடுத்துப் பழக்கமில்ல. அதான் இதுலயும் ஒண்ணக் கட்டிட்டாரு. ஒரு பெல்லுன்னா நிப்பாட்டணும், டபுள் பெல்லுன்னா போகணும். அத்தா வச்ச சட்டத்த மகனும் மீற மாட்டாரு. டபுள் பெல் கேக்காம அவரு கையி அசையாது.

— பஸ் பெல்லு! இப்பவும் அடிக்குமா என்ன?

— யாரு கண்டா? அம்பது வருசமா ஒருத்தரும் இழுத்துப் பார்க்கல.

— அட, கணீர்னு கேக்குதே! இன்னொரு தடவை... ஆஹா, துருவே பிடிக்கலை!

— டபுள் பெல்லு தங்கச்சி! ரைட்டு, பிஸ்மில்லா!

— ரைட்டு அண்ணே! போகலாம்!

— என்னங்க ரைட்டு? மேடம், ஊஞ்சல் ஏன் பின்னால போகுது?

— ஊஞ்சல் பின்னால போகல சார். நாமதான் முன்னால போறோம்.

— நிறுத்தச் சொல்லுங்க! இருங்க, நான் ஒரு பெல் அடிக்கிறேன்! அடிச்சுட்டேன், நிக்கலையே!

— தங்கச்சி, சாருட்டச் சொல்லு, இது எக்ஸ்பிரஸ்ஸு, நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது!

— சங்கிலிய விட்டுராதீக சார். அண்ணே, மிதிங்க! எங்கப்பா மரத்த நம்பி மிதிங்க!

— நான் கண்ணை மூடிக்கிறேன்! எனக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்கு! தடதடன்னு எலும்பெல்லாம் கழண்டுடும் போல... முருகா! முருகா!

— நல்லாக் கூப்பிடுங்க. பக்கத்துலதான் இருக்காரு.

— ...அப்பாடா. ஒரு துள்ளல். குலுக்கல் நின்னுடுச்சு. நிறுத்திட்டாரா?

— நீங்க கொஞ்ச நேரம் கண்ணத் தொறக்காதீக சார். தலை சுத்தும். இந்தாங்க, பன்னீர் சோடா.

— என் வாழ்நாள்ல இப்படி ஒரு... உங்க மேல புகார் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? அரசாங்க அதிகாரியை உக்கார வச்சு மைதானம் பூரா இழுத்தடிச்சிருக்கீங்க! என்ஜின் இன்னும் ஓடுதே, ஏன் அணைக்கலை?

— அணைக்கக் கூடாது சார். பொறவு அணைச்சுக்கிறலாம்.

— காது வேற அடைக்குது. முற்றத்துல காத்து மட்டும் ஜில்லுன்னு வருது. இவ்ளோ நேரம் வெயில் கொளுத்துச்சே.

— எங்க முற்றம் அப்புடி. மரத்துல எங்கயாச்சும் கிறீச்சுன்னு சத்தம் கேக்குதா சார்?

— ...இல்லை. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. அதை ஒத்துக்கறேன்.

— அதுபோதும் சார். அண்ணே, கேட்டீகளா? டெல்லிக்காரரே சொல்லிட்டாரு.

— நானும் கேட்டேன் தங்கச்சி. எங்க அத்தாவும் உங்க அப்பாவும் கேட்டிருப்பாக.

— சரி சரி, அழாதீங்க மேடம். நீங்க ரெண்டு பேரும் ஆசைக்கு மைதானத்துல ஓட்டிப் பார்த்துட்டீங்க, நான் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா ஓடினது வேற, பறக்கறது வேற. ‘பறக்கவில்லை’ன்னு எழுதிட்டு இறங்கிடறேன். கண்ணைத் தொறக்கவே பயமா இருக்கு, பேனா எங்க போச்சு? வாசல் எந்தப் பக்கம்?

— எழுதுங்க சார், நான் தடுக்கல. வாசப்பக்கம் மட்டும் போயிராதீக. அதுக்கு முன்னாடி இங்குட்டு ஜன்னல்ட்ட வந்து, அண்ணாந்து பார்க்காம, நல்லாக் குனிஞ்சு பாருங்க: அந்தா குன்றக்குடி மலை, அச்சு அசலா மயிலேதான்.