மூன்றாம் சரணத்துக்கு முன் ஓர் இருமல்

மெத்தை தைக்கும் அறையைவிட நல்ல ரெக்கார்டிங் அறை கிடையாது. சுவரெல்லாம் ஃபோம், மூலைக்கு மூலை பஞ்சு மூட்டை, நடுவில் தைத்து முடிக்காத சோபா. கைதட்டினால் எதிரொலி வராது. குரல் வாயிலிருந்து கிளம்பி நேராக மைக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கேட்டதற்குத்தான் வருகிறேன், மேடம். அறையிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

அது என் அப்பாவின் பட்டறை. அம்மா இல்லை. நான் காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, ராத்திரியில் பார்சல் குடோனில் பெட்டி அடுக்கினேன். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு பழைய லேப்டாப்பும் மைக்கும் வைத்து அக்காவின் பாட்டுகளைப் பதிவு செய்தேன். அக்கா பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட். பாட்டு எழுதுவதும் பாடுவதும் அவள், மிச்சமெல்லாம் நான். நான் வாயே திறக்க மாட்டேன் என்பதால் அப்பா எனக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர்.

முதல் பாட்டில், மூன்றாம் சரணத்துக்கு முன் அக்கா மூச்சு வாங்க ஓர் இடைவெளி விடுவாள். அன்று அந்த இடைவெளியில், பின்னால் ஃபோம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா இருமிவிட்டார். இரண்டு சின்னது, ஒன்று பெரியது. அச்சு அசலாகத் தாளத்தில் விழுந்தது.

"ஐயையோ, கெடுத்துட்டேனா?" என்றார்.

"நீங்க கரெக்டாதான் வந்தீங்கப்பா. இவதான் லேட்டு" என்றேன்.

"டேய், அத வெட்டிடு. கேக்கறவங்க சிரிப்பாங்க" என்றாள் அக்கா.

நான் வெட்டவில்லை. அவள் சொன்னது போலவே கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி கேட்டார்கள்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். சினிமாவில் வராத பாட்டை யாரும் பாட்டு என்று ஒப்புக்கொள்ளாமல் இருந்தது போய், சினிமாவில் வராததாலேயே அது நல்ல பாட்டு என்று பேச்சு மாறிய வருடம் அது. இந்த மாதிரிப் பாட்டுக்கு வைத்த இண்டி என்ற பெயரை சலூன்காரர்கூடச் சொன்னார். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம், வீட்டில் பதிவு செய்த மாதிரி இருக்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். ஒருவர் வாடகைக்கு நாய் பிடித்து வந்து குரைக்க விட்டாராம். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. அப்பா இருந்தார்.

கச்சேரிகளில் மூன்றாம் சரணம் வரும்போது கூட்டமே ஒன்றாக இருமியது. மூவாயிரம் பேர், இரண்டு சின்னது, ஒன்று பெரியது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார். காய்கறிக் கடையில் பிள்ளைகள் அவரை மடக்கி, "அங்கிள், ஒரே ஒரு தடவை இருமுங்க" என்று செல்ஃபி எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து அக்காவைச் சீண்டுவார்: "நீ அஞ்சு நிமிஷம் தொண்டை கிழியப் பாடற. நான் ரெண்டு செகண்டுதான். யார்கூட போட்டோ எடுக்கறாங்க பாத்தியா?"

எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பெரிய கம்பெனிக்காரர் வந்தார். ஏற்கெனவே வந்த ஐந்தோடு இன்னும் ஐந்து, ஒவ்வொன்றாக வெளியிட்டு மொத்தம் பத்துப் பாட்டில் ஓர் ஆல்பம். பட்டறையில் நின்று மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஸ்டுடியோ கீடியோ வேண்டாம். இங்கேயே பண்ணுங்க. அப்பா இருமல் எல்லா பாட்டுலயும் இருக்கணும். அதான் உங்க முத்திரை. அது இல்லன்னா நீங்களும் ஆயிரத்துல ஒருத்தர்."

அதே மாதம் டாக்டர் அப்பாவின் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். பஞ்சுத் தூசி என்றார். பயப்பட ஒன்றுமில்லை, அந்த அறையை விட்டு வெளியே வந்து, இன்ஹேலரை வேளை தவறாமல் இழுத்தால் இன்னும் இருபது வருடம் இருப்பார் என்றார். அக்கா வேலையில் இருந்ததால் கூடப் போனது நான். அப்பா வெளியே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார், டாக்டர் சொன்னதைக் கேட்டதும் நான் ஒருவன்தான். வீட்டுக்கு வந்து, "சாதாரணச் சளி" என்றேன்.

இன்ஹேலரை நான் முதலிலேயே தடுக்கவில்லை. பத்து நாள் ஒழுங்காகக் கொடுத்தேன். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. படிக்கட்டில் விசிலடித்துக்கொண்டு ஏறினார். ஆறாம் பாட்டுக்கு இருமல் இல்லை. பழைய இருமலை எடுத்து ஒட்டினேன். இதுதான் நான் செய்த தவறு. வெளியான அன்றே ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் பாட்டின் அதே இருமல், ஒலியின் அலை வடிவம்கூட அதேதான் என்று இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் படம் போட்டார்கள். 'பெரிய கம்பெனிக்குப் போனதும் போலியாகிவிட்டார்கள்' என்று எழுதினார்கள். அக்கா ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை.

நான் பொய்யான பாட்டு செய்கிறவன் இல்லை, மேடம். எனக்கு அது ரொம்ப வலித்தது.

டாக்டர் முதலில் கொடுத்த சாம்பிள் இன்ஹேலர் தீர்ந்துபோய்க் கிடந்தது. புதியதை எடுத்துவிட்டு அதை வைத்தேன். அவ்வளவுதான். அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, "வெறும் காத்த இழுக்கற மாதிரி இருக்கேடா ஸ்பீக்கரு" என்றார்.

"நல்ல மருந்து அப்படித்தாம்பா இருக்கும்."

"அப்ப நான் பொறந்ததுலேருந்து நல்ல மருந்துதான் சாப்பிடறேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நான் மைக்கை ஆன் செய்துதான் வைத்திருந்தேன்.

அதன் பிறகு வேலை நன்றாக நடந்தது. பதிவுக்கு அரை மணி நேரம் முன்பு, பழைய மெத்தை இரண்டைப் பிரித்துக் குச்சியால் அடிப்பேன். அறை பனி பெய்தது போல் ஆகும். பார்க்கவே அழகாக இருக்கும். ஒவ்வோர் இருமலையும் தனித்தனி ஃபைலாகத் தேதி போட்டு, தரம் போட்டு வைத்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அக்கா உங்களிடம் கொடுத்த டிஸ்கில் இருப்பவை அவைதான். அப்பாவை யாரும் அந்த அறைக்குள் தள்ளவில்லை. "நான் இல்லாம உங்களுக்கு ஏது பாட்டு" என்று அவரே வந்து உட்கார்ந்தார். ஒரு தகப்பனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறென்ன இருக்க முடியும்?

பத்தாம் பாட்டு. மத்தியானம் மூன்று மணி. அக்கா முதல் நாளே பாடிவிட்டு அன்று வேலைக்குப் போயிருந்தாள். இருமல் மட்டும்தான் பாக்கி. அப்பா தைத்து முடிக்காத சோபாவில் உட்கார்ந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்து, ஹெட்ஃபோனோடு இருந்தேன். இருமல் ஆரம்பித்தது, நிற்கவில்லை. பதினொரு நிமிடம் வந்தது. அதுவரை நான் கேட்ட எல்லாவற்றையும்விட ஆழமானது. எழுந்து போயிருந்தால் நாற்காலிச் சத்தம் விழுந்திருக்கும். அதனால் எழவில்லை. பிறகு அமைதி. ஃபோமின் மேல் சரிந்ததால் விழுந்த சத்தம்கூடப் பதிவாகவில்லை. நல்ல அறை என்று சொன்னேன் அல்லவா?

ஆம். இன்ஹேலரை மாற்றியது நான், பஞ்சை அடித்தது நான், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது நான். என் அப்பா செத்தது என்னால்தான். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

பத்தாம் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. இப்போது லிஃப்டில் போடுகிறார்கள், பல் ஆஸ்பத்திரியிலும் போடுகிறார்கள். அஞ்சலிக் கச்சேரியில் கூட்டம் எழுந்து நின்று இருமியபோது அக்கா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். வெட்டாத பதிவைக் கேட்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து டிஸ்கைத் திறந்தாள்.

அந்தப் பதினொரு நிமிடத்திலிருந்து பாட்டுக்கு எடுத்தபோது நான் நான்கு இடத்தை வெட்டியிருக்கிறேன். அந்த நான்கு இடத்திலும் அப்பா பேசுகிறார் என்கிறாள் அக்கா. "ஸ்பீக்கரு, தண்ணி" என்று கூப்பிடுகிறாராம். நானும் நூறு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு வெறும் இருமல்தான் கேட்கிறது.

இருமல் என்றால் ஏன் வெட்டினாய் என்று கேட்கிறீர்கள்.

அந்த நான்கும் தாளத்தில் இல்லை, மேடம்.