வடமேற்குக் காத்துல வந்த ஈ

ஓஸ்லா: …பெட்டிய மூடாதீங்க ஹெக்டர். அப்படியே மெதுவா திரும்புங்க. அடுப்படி ஜன்னலப் பாருங்க.

ஹெக்டர்: படகுக்கு அரை மணி நேரம்தான் இருக்கு ஓஸ்லா.

ஓஸ்லா: படகு கெடக்குது. ஓட்டப்போறது என் தம்பி கிப்பிதானே. பாருங்கன்னா.

ஹெக்டர்: என்ன… அடேயப்பா.

ஓஸ்லா: குளவியா?

ஹெக்டர்: குளவி வேஷம். பூ ஈதான் இது. கொட்டாது, அந்தரத்துல நின்னுட்டே தேன் குடிக்கும். ஆனா இவ்வளவு பெருசு… இது தெக்க, லண்டன் பக்கத்து ஆள். இவ்வளவு வடக்க, ஷெட்லாந்துப் பக்கமே நான் பாத்ததில்ல. அதுவும் இந்த ஃபௌலாத் தீவுல…

ஓஸ்லா: அப்போ வந்தேறி.

ஹெக்டர்: சந்தேகமில்லாம. இங்கயே பொறந்து வளர்றது கொஞ்சம்தான். மத்ததெல்லாம் காத்தோட வர்றது.

ஓஸ்லா: உங்கள மாதிரி.

ஹெக்டர்: நான் படகுல வர்றவன். வருஷத்துக்கு ரெண்டே வாரம்.

ஓஸ்லா: பத்து வருஷமா ஈக் கணக்கெடுக்க வந்து என் வீட்டுலதான் தங்கறீங்க. ரெண்டு வாரம்னுதான் வருவீங்க. போன வருஷம் மூணு வாரம் ஆச்சு. அதுக்கு முந்தின வருஷமும்.

ஹெக்டர்: நான் கெளம்புற அன்னைக்குக் காலையிலதான் உங்க ஜன்னல்ல ஏதாவது வந்து ஒக்காருது. நான் என்ன செய்ய?

ஓஸ்லா: என் ஜன்னல் ராசி. இன்னும் ஒரு வாரம் இருந்து, இதுக்கு சோடி வருதான்னு பாக்க வேணாமா? ஒண்ணு வந்தா பின்னாலயே நாலு வரும்னு நீங்கதானே சொல்வீங்க.

ஹெக்டர்: சொல்வேன்… ஓஸ்லா, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?

ஓஸ்லா: காத்தா?

ஹெக்டர்: நாலு நாளா எந்தப் பக்கம்?

ஓஸ்லா: வட… மேற்கு.

ஹெக்டர்: ஆக, லண்டன்காரி நாலு நாளும் எதிர்காத்துல பறந்து வந்திருக்கா. அறுநூறு மைல்.

ஓஸ்லா: பிடிவாதக்காரியா இருப்பா.

ஹெக்டர்: கால்ல என்னமோ செவப்பா ஒட்டியிருக்கு.

ஓஸ்லா: மகரந்தம்.

ஹெக்டர்: ருபார்ப் ஜாம் வாசம் வருதே.

ஓஸ்லா: அடுப்படியில ஜாம் வாசம் வராம…

கிப்பி: அக்கா, அண்ணன் பெட்டிய எடு. காத்து ஏறுது. இப்ப விட்டா செவ்வாக்கிழமை வரைக்கும் படக எறக்க முடியாது.

ஓஸ்லா: கிப்பி, நீ வெளிய நில்லு.

கிப்பி: அட, இது இன்னும் உசுரோடயா இருக்கு? தபால்ல வந்தப்ப நான் செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்.

ஹெக்டர்: தபால்லயா?

ஓஸ்லா: கிப்பி…

கிப்பி: ஆமாண்ணே. ஜாம் பாட்டில்ல, மூடியில ஓட்டை போட்டு. லண்டன்ல எங்க சித்தி பொண்ணு இருக்கால்ல, அவ அனுப்பினது. அக்கா அத ஃபிரிட்ஜுல வெண்ணெய்க்குப் பக்கத்துல வெச்சுது. ரெண்டு நாளா நான் வெறும் ரொட்டிதான் திங்கறேன்.

ஓஸ்லா: உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டா என்ன?

கிப்பி: நான் என்னத்தச் சொல்லிட்டேன்… ஓ. அண்ணனுக்குத் தெரியாதா… நான் படகுத்துறையில இருக்கேன்.

ஹெக்டர்: போயிட்டான்.

ஓஸ்லா: பொழைச்சான்.

ஹெக்டர்: ஓஸ்லா…

ஓஸ்லா: திட்டிடுங்க. பேரச் சொல்லி மெதுவா கூப்பிடாம, நேரா திட்டிடுங்க.

ஹெக்டர்: போன வருஷத்து மஞ்ச வரி ஈ?

ஓஸ்லா: அபர்டீன்ல இருந்து வரவழைச்சேன். தென்கிழக்குக் காத்து வர்ற வரைக்கும் காத்திருந்துதான் அத விட்டேன். இந்தத் தடவ பாழாப்போன காத்து திரும்பவே இல்ல. நீங்களோ பெட்டி கட்டிட்டீங்க.

ஹெக்டர்: அதுக்கு முந்தின வருஷம்?

ஓஸ்லா: அதுவும்தான். ஆனா அதுக்கு முன்னாடி வந்தது நெஜம். தானா வந்துச்சு. அதுக்காக ஒரு வாரம் கூடத் தங்கினீங்க. மழை விடவே இல்ல. ஒக்காந்து சீட்டாடினோம், நீங்க தோத்துக்கிட்டே இருந்தீங்க… அந்த வாரம் நல்லா இருந்துச்சு. அதான் என் புத்தி இப்படிப் போச்சு.

ஹெக்டர்: ம்.

ஓஸ்லா: நீங்க போனா வீடு வெறிச்சுனு ஆயிடுது ஹெக்டர். கிப்பிக்குப் படக விட்டா வேற பேச்சு கெடையாது. ஆனா உங்க கணக்குல ரெண்டு பொய் ஏறிடுச்சேன்னு நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது. படிச்சவங்க பாப்பாங்க, உங்களத்தான் கேப்பாங்க. அந்த ரெண்டையும் அடிச்சிடுங்க. நான்தான் ஏமாத்தினேன்னு பக்கத்துலயே எழுதிடுங்க.

ஹெக்டர்: அந்த ரெண்டையும் நான் எழுதவே இல்ல.

ஓஸ்லா: எழுதலையா?

ஹெக்டர்: போன வருஷத்து ஈயோட எறக்கையில வெண்ணெய் இருந்துச்சு.

ஓஸ்லா: தெரிஞ்சுமா வலையத் தூக்கிட்டு ஒரு வாரம் மலையெல்லாம் சோடி தேடினீங்க?

ஹெக்டர்: தேடுற மாதிரி நடந்தேன். நீங்களும்தான் கூட வந்தீங்க.

ஓஸ்லா: அடப்பாவி மனுஷா… சரி, அந்த ஒரு வாரம் என்ன செஞ்சேன்னு கேட்டா, உங்கள அனுப்பறவங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க?

ஹெக்டர்: என்னை யாரு அனுப்பறா? அந்தக் கணக்கெடுப்பு முடிஞ்சே மூணு வருஷம் ஆச்சு.