பெரிய வாய்ப் பெட்டி

அதியமான்கோட்டையில் சேலம் பஸ் ஏறிய இருவரும் மெக்கானிக்குகள். கையெல்லாம் கிரீஸ். என் முன்சீட்டில் உட்கார்ந்ததும் இளையவர் சொன்னார்:

“இஞ்சினுக்குக் காத்து போற பெட்டிய சின்ன வாயா வாங்கியிருந்தா, அடைச்ச துணி வெளியவே தெரிஞ்சிருக்கும்ண்ணா.”

“மெல்ல பேசு. காத்து நெறைய போவணும், ரேஸ் வுடணும்னு தன் காருக்குப் பெருசா கேட்டது மொதலாளி மவன். நானா ஆசப்பட்டேன்?”

“மாட்டறப்ப நட்டு உள்ள வுழக்கூடாதுன்னு துணிய அடைச்சது நீங்க.”

“எடுக்கச் சொன்னது உங்கிட்ட.”

“நீங்க எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். அவரு காரு போனப்பறம் பாத்தா, கடையில எங்கயும் செவப்புத் துணியக் காணோம். உள்ளயே இருக்கு.”

இளையவர் கை கிரீஸைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தான ஓடுச்சுண்ணா?”

“மெதுவா ஓட்டுனோம். அமுக்கி ஓட்டுனா துணிய உள்ள இழுத்துக்கும். லாரிய முந்தறப்ப இஞ்சின் நின்னு போச்சுன்னா...”

“போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாரு. கணவாய்க்கு முன்னால டீக்கு நிறுத்துவாரு. புடிச்சிரலாம்.”

“பொண்டாட்டி புள்ளயோட போறவரு மெதுவாத்தான் போவாரு.”

“தொப்பூர்ல நல்லா அமுக்கிப் பாருங்க, அப்பத்தான் புதுப் பெட்டி தெரியும்னு நாந்தாண்ணா சொல்லியனுப்புனேன்.”

தொப்பூர் கணவாயில் பஸ் நின்றது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. எல்லோரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் இருவர் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“எறங்கிப் போயி பாருடா.”

“நீங்க போங்கண்ணா.”