ஜம்புநாதனுக்கு நான் படம் சொன்ன காலம்

விமானத்தை வெளியிலிருந்து பார்த்து இன்னதென்று சொல்வதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. இறக்கையும் வாலும் காட்டிக்கொடுத்துவிடும். விமானி உட்காரும் காக்பிட்டை மட்டும் படமாகக் காட்டி, இது எந்த விமானம் என்று கேட்டால்தான் ஆளின் சரக்கு தெரியும். வட்ட வட்டமாக முள் ஆடும் கருவிகள், சில நெம்புகோல்கள், தோல் கிழிந்த இருக்கை. அதற்கு மேல் எதுவும் இருக்காது.

இணையத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. பழைய விமானம், விசித்திரமான விமானம் எதையாவது போடுவார்கள். எங்கெங்கிருந்தோ பதில் வரும். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, என் மனைவி ஜகதாம்பாளும் போன பிறகு, லேக் கார்டன்ஸ் வீட்டில் எனக்கு அதுதான் பேச்சுத்துணை. அந்தக் குழுவில் எப்போதும் முந்திக்கொண்டு சரியாகச் சொல்லும் ஒருவர் காளிகாட்டில் இருக்கிறார், அதுவும் தமிழர் என்று தெரிந்ததும் ஆட்டோ பிடித்துப் போய்க் கதவைத் தட்டினேன்.

"விஸ்வநாதனா? போன வாரம் அந்த ப்ரென்டிஸ் ப்ளேனை எனக்கு முன்னாடி சொல்லித் தட்டிண்டு போனவர் நீங்கதானா? உள்ளே வாங்கோ," என்றார் ஜம்புநாதன்.

அவரும் மனைவியை இழந்தவர். அரசுத் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். ஒரே மகள் சாய்பிரியா சிங்கப்பூரில். அன்று முதல் என் மாலைகள் அந்த வீட்டில்தான். இரண்டு நாற்காலி, ஒரு மடிக்கணினி. நான் கருவிகளைப் பார்ப்பேன். அவர் ஓரங்களைப் பார்ப்பார். மூலையில் ஒரு திருகாணியின் வடிவத்தை வைத்து, "இது பிரெஞ்சுக்காரன் வேலை," என்பார். சரியாகத்தான் இருக்கும்.

அவருக்குக் கண்ணில் அழுத்தம் இருந்தது. கிளாக்கோமா. சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிற பார்வை தங்கும், நிறுத்தினால் போய்விடும், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குக் கை நடுங்கும், மருந்து கன்னத்தில் விழும். அதனால் தினமும் நான்தான் விட்டேன். கடையில் வாங்கி வருவதும் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு அது.

பிறகு அபினவும் அக்‌ஷயாவும் வந்தார்கள். செக்டர் ஃபைவ் கணினிக் கம்பெனிகளில் வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள். அதே குழுவில் அவரைக் கண்டுபிடித்தவர்கள். படத்தைப் பெரிய டிவியில் போட்டார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. என் நாற்காலியில் அக்‌ஷயா உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒருநாள் நான் சரியான விடையைச் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. சற்று நேரம் கழித்து அபினவ் அதையே சொன்னான். ஜம்புநாதன் கைதட்டினார்.

அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. ஒரு ஞாயிறு நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. மாலைவரை பக்கத்து மிட்டாய்க்கடை பெஞ்சில் காத்திருந்தேன். டாக்சியில் வந்து இறங்கினார்.

"விசு, நியூ டவுன்ல நேவி ப்ளேன் ஒண்ணை மியூசியமா நிறுத்தி வெச்சிருக்கானே, பசங்களோட போயிட்டு வரேன். உள்ளேயே போய்ப் பார்த்தாச்சு. உங்களையும் கூப்பிட்டிருக்கலாம். தோணவே இல்லை பாருங்கோ."

அவர் நல்ல மனிதர். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நானும் மறந்திருப்பேன். தோன்றவே இல்லை என்றார்.

அன்று வழக்கம்போல மருந்து விட்டேன். அடுத்த புட்டி வாங்கியபோது அதைச் சமையலறைத் தொட்டியில் கொட்டிக் கழுவிவிட்டு, கண் வறட்சிக்கு விடும் சாதாரணச் சொட்டு நீரை அதில் நிரப்பினேன். அது கண்ணுக்குக் கெடுதல் செய்யாது. இதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். அவர் கண்ணில் கெடுதலான எதையும் நான் ஒருநாளும் விட்டதில்லை.

"இப்பல்லாம் எரியறதே இல்லை விசு. உங்க கை ராசி," என்றார்.

அந்த நோய் வலிக்காது. ஓரங்களைத்தான் முதலில் தின்னும். படத்தின் மூலைகள் அவருக்குத் தெரியாமல் போயின. சுலபமானவற்றையும் தவறவிட்டார். பிள்ளைகள் முதலில் பொறுமையாக இருந்தார்கள், பிறகு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வந்தது. அபினவ் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். என் நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைத்தது.

டாக்டருக்குப் புரியவில்லை. இன்னும் வீரியமான மருந்து எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் வாங்கினேன். அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார். "நீங்க என்ன சொல்றேள்?" என்று ஜம்புநாதன் என்னைக் கேட்டார். இந்த வயதில் கண்ணில் கத்தி படவேண்டாம் என்றேன். கேட்டுக்கொண்டார். நான் சொன்னதை அவ்வளவு மதித்தவர் வேறு யாரும் இல்லை.

பிறகு அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நான் படம் சொல்ல ஆரம்பித்தேன். இடது ஓரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"ரெண்டு ஸ்டீரிங் சக்கரம். ரெண்டையும் குறுக்கே ஒரே சட்டம் தாங்கறது."

"த்ராட்டில் லீவர் எங்கே? நடுவிலயா?"

"நடுவில ஒண்ணும் இல்லையே."

"மேலே பாருங்கோ விசு. கூரையிலேருந்து தொங்கறதா?"

"ஆமாம், தொங்கறது."

"கேட்டலினா! தண்ணில இறங்கற ப்ளேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் விசு."

ஜகதாம்பாள்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

சாய்பிரியா சிங்கப்பூரிலிருந்து வந்தாள். வந்த அன்று டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு தானே போய்ப் புதுப் புட்டி வாங்கிவந்து அவர் கண்ணில் விட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"எரியறதேம்மா. விசு விட்டா எரியாதே."

அவள் குளிர்பெட்டியைத் திறந்து பழைய புட்டியை எடுத்தாள். தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, முகர்ந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். படித்த பெண்.

"அங்கிள், இதுல என்ன இருக்கு?"

நான் பொய் சொல்கிறவன் அல்ல. கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. கொட்டியது, நிரப்பியது, கத்தி வேண்டாம் என்றது, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவள் அந்தப் புட்டியைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஜம்புநாதன் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். படம் சொல்லும்போது கேட்பதுபோல அமைதியாகத்தான் கேட்டார். அவள்தான் உங்களுக்குப் போன் செய்தாள்.

செய்தது நான்தான். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாய்பிரியா உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்களே, அப்பா இனி என் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்று, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிளம்பும்போது, "வரட்டுமா ஜம்பு," என்று அருகில் போய்க் கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார் என்பது உண்மைதான். பாவம், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை.