டயர் இருந்த வளைவு

நான் எங்கே நடந்தாலும் தரையைப் பார்த்துத்தான் நடப்பேன். ரோட்டு வேலை பார்த்தவர்களை விட்டுப் போகாத பழக்கம் அது. இந்த ஊருக்கு வந்த பிறகு ரோட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடோனில் பெட்டி அடுக்குகிறேன். ஒற்றை அறையில் நானே பொங்கி நானே தின்கிறேன். ஆனாலும் தரையில் ஒரு விரிசலைக் கண்டால் கால் தானாக நின்றுவிடுகிறது.

முன்பு இருந்த ஊரில் நான் ரோட்டு ஓவர்சியர். என் பொறுப்பில் இருந்த ரோட்டில் ஒரு வளைவு, வளைவு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம். அடியில் ஊற்று இருந்தது. ஜல்லியும் தாரும் போட்டு எத்தனை தடவை ஒட்டினாலும் கொஞ்ச நாளில் பல்லைக் காட்டும். அடிவரை தோண்டி, வடிகால் வைத்து, புதிதாகப் போட்டால்தான் சரியாகும். அதற்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும்.

எல்லா ரோடும் மோசம், இருக்கிற பணமோ கொஞ்சம். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் மூன்று வருஷத்துக்குள் மூன்று பேர் செத்திருந்தால், அந்த இடத்துக்கு முதலில் நிதி. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். யாருக்கு முதலில் என்று முடிவு செய்ய ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமல்லவா.

என் அக்கா தினமும் அந்த வளைவு வழியாகத்தான் ஸ்கூட்டரில் தையல் கம்பெனிக்குப் போய்வருவாள். அம்மா அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் என்னைப் படிக்கவைத்தாள். ஒருநாள் அந்தப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பார்க்கப் போனேன். அத்தான் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்.

"மச்சான் ரோட்டு ஆபீஸ்ல இருக்கான்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன். இப்ப அந்த ரோடு எங்க வீட்டுலயே வேலையக் காட்டிருச்சு."

"விடுங்க, அவன் என்ன பண்ணுவான், பாவம்" என்றாள் அக்கா. அத்தான் சொன்னதைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அதே பள்ளத்தில் விழுந்து ஒருவர் செத்தார். ஏற்கெனவே ஒருவர் செத்திருந்தார். ஆக இரண்டு.

வளைவில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் வண்டிக்கும் அவர்தான். பள்ளத்தால் தனக்கு வியாபாரம் என்பதை அவர் மறைக்கவே மாட்டார். "இந்தப் பள்ளம்தான் சார் என் முதலாளி. நீங்க இவனைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்க, நான் எப்படியாவது பொழைச்சுக்கறேன்" என்பார். இரண்டாவது சாவுக்குப் பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரு லாரி டயருக்கு வெள்ளை அடித்துப் பள்ளத்தில் வைத்தார். நடுவில் ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டினார். துணி வெயிலில் வெளுத்தால் மாற்றுவார். அதன்பின் அங்கே யாரும் விழவில்லை.

சிக்கலே அதுதான்.

பெரிய இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அவர் மேஜைக் காகிதங்கள் மேல் ஜல்லிக் கற்களை வைத்திருப்பார். ஒரு கல்லை உருட்டிக்கொண்டே, "ரெண்டுதான்யா இருக்கு. அதுலயும் முதல் ஆளுக்கு இந்த வருஷக் கடைசியோட மூணு வருஷம் முடியுது. அப்புறம் உன் வளைவுக்கு ஒண்ணுதான்" என்றார். செத்தவர்களும் காலாவதி ஆவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த டயர் நல்லா வேலை செய்யுது போலிருக்கே என்று சொல்லிச் சிரித்தார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

வெளியே டீக்கடையில் நின்று யோசித்தேன். டயர் இருக்கும்வரை நிதி வராது. பஞ்சர்காரர் என்றைக்காவது கடையை மூடுவார். அப்போது டயர் இருக்காது, பள்ளம் இருக்கும். அதன்பிறகு எத்தனை பேர் விழுவார்கள்? அத்தனை பேரையும் ஒரு பக்கம் வைத்தேன், ஒரே ஒருவரை இன்னொரு பக்கம் வைத்தேன். டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

ரோட்டில் தனியார் பொருள் எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஆபீஸ் லாரியில் இரண்டு ஆட்களோடு போய் டயரை ஏற்றச் சொன்னேன். பஞ்சர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், அது அங்க கிடக்கறதால உங்களுக்கு என்ன இடைஞ்சல்?"

"ரூல்ஸ் அண்ணே. மறுபடி எதையாவது வச்சீங்கன்னா, உங்க கடையும் ரோட்டு எல்லைக்குள்ளதான் இருக்கு. அதையும் எடுக்க வேண்டி வரும்."

"பொருள்தானே வைக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் சாயங்காலம்தான் எனக்கு அது புரிந்தது. வெளிச்சம் மங்கி, கம்பெனி விட்டு வண்டிகள் வரிசையாக வருகிற நேரம். சிவப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குப் பக்கத்தில் அவரே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துணியை ஆட்டினார்.

"மனுஷன் நிக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் இல்லையே சார்?"

கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வண்டியை ஒதுக்கி எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குப் போகிறவரை எனக்கு எரிச்சலாக இருந்தது. பயமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எரிச்சல்தான்.

தினமும் நின்றார். ஒருநாள் செங்கல் லாரி ஒன்று வேகமாக வந்தது. டிரைவர் கடைசி நேரத்தில் பள்ளத்தைப் பார்த்து லாரியை ஒடித்தான். பள்ளத்தைப் பார்த்தவன் ஆளைப் பார்க்கவில்லை.

மூன்று ஆனது.

வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அந்த இடத்தில் எச்சரிக்கைக்கு ஏதாவது வைத்திருந்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மைதான். டிரைவர் ஜெயிலுக்குப் போனான்.

நிதி வந்தது. நல்ல ரோடு போட்டேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஊற்றுக்கு வடிகால் வைத்தேன், ஒவ்வொரு அடுக்கும் இறுகும்வரை பக்கத்திலேயே நின்றேன். ரோடு திறந்த அன்று பஞ்சர்காரர் மனைவி வந்தார். கடையை மூடியாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, பள்ளம் இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்கு தம்பி. டயரை எடுத்தப்பகூட அவர் உங்களை ஒரு வார்த்தை திட்டல. ரூல்ஸ்னா அந்தப் பையன் என்ன செய்வான்னுதான் சொன்னாரு."

வெயிலில் நிற்கிறேன் என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவளாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று நினைத்துத்தான் போனேன். அடுப்படியில் நின்றபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு வளைவுப் பக்கம் வராதே, சுத்து வழியில போன்னு எனக்கு போன் பண்ணினியே. அது டயரை எடுக்கறதுக்கு முன்னாடிதானே?"

மழை வரும்போல இருந்தது, அதனால் சொன்னேன் என்றேன்.

"அப்ப மழை எங்கடா பெஞ்சது?"

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அந்தப் பஞ்சர்காரர் வீட்டுக்கும் ஒரு போன் போட்டிருக்கலாமேடா."

அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

இதை எழுதும்போதுகூட, யாராவது சாவார்கள் என்று எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். யார் என்று தெரியாது, ஒருவர் என்று தெரியும். அந்த ஒருவர் என் அக்காவாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் பார்த்துக்கொண்டது. பஞ்சர்காரரைக் கொன்றது அந்த டிரைவர் இல்லை, நான்.

பஞ்சர் கடைச் சுவரில் அவருடைய போன் நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். எனக்கு அது மனப்பாடம். என் வண்டி வழியில் நின்றபோதெல்லாம் அந்த நம்பருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வராமல் இருந்ததில்லை.