கல்லில்லாத் துப்பாக்கிகள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகரத் தலைவர் தோன் இலாரியோ அவர்களே! அருள்தந்தை அவர்களே! ஸ்பானியரோடு பொருது காலையும் கையையும் களத்தில் விட்டுவிட்டுக் கம்பீரமாய் வீற்றிருக்கும் என் கிழட்டுச் சிங்கங்களே! கொக்கோக் கொட்டை காயவைத்துக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பன்றி வெந்ததா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நிக்காசியோவின் பணிவான வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் என் மனைவி ரெமிகியாவுக்கு மட்டும் வணக்கத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். என்ன ரெமிகியா? "நீ முடிக்கிறதுக்குள்ள பன்னி கருகிடும்" என்கிறாயா? கருகாது, சுருக்கமாகவே பேசுகிறேன்.

அடிமை முறை ஒழிந்ததென்று வெனிசுவேலா முழுவதும் மணி அடிக்கிறது. எனக்கு முன்னால் பேசியவர்கள் ஸ்பானியரை வீரத்தால் வென்றோம் என்றார்கள், தியாகத்தால் வென்றோம் என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் வெறுங்கையால் வென்றோமா? நம் மண்ணில் கொக்கோ காய்க்கும், துப்பாக்கி காய்க்குமா? வாழை குலை தள்ளும், வெடிமருந்து தள்ளுமா? வந்ததெல்லாம் அக்கரையிலிருந்து! சிலர் விற்றார்கள், காசு வாங்கிக்கொண்டு நனைந்த மருந்தையும் நம் தலையில் கட்டினார்கள். வியாபாரி வியாபாரம் செய்தான், விடுங்கள். ஆனால் ஹைட்டித் தீவு காசு கேட்கவில்லை. தங்கள் விலங்கைத் தாங்களே உடைத்த அந்த மக்கள் கேட்டது ஒன்றுதான்: உங்கள் அடிமைகளை விடுவியுங்கள். நம் தலைவர்களும் வாக்குக் கொடுத்தார்கள்.

ஹைட்டித் துப்பாக்கிகளை ஏற்றிய கப்பல் நம் துறைக்கு வந்தபோது நானும் ரெமிகியாவும் தோன் எவரிஸ்தோவின் தோட்டத்து அடிமைகள். எங்கள் எசமானும் ஸ்பானியருக்கு எதிராகக் கிளம்பியிருந்தார். ஆகவே அலையில் இறங்கிப் பெட்டி சுமந்தவர்கள் நாங்கள். ரெமிகியா ஈயக்குண்டுப் பெட்டி ஒன்றைத் தலையில்... என்ன? இரண்டு பெட்டியா? சரி தாயே, இரண்டு பெட்டி!

எசமான் ஒரு துப்பாக்கியை எடுத்து விசையை இழுத்தார். 'டக்'கென்ற சத்தம், பொறி இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் சிக்கிமுக்கிக்கல்லைக் கவ்வியிருக்க வேண்டிய இடுக்கி வாய் காலியாக இருந்தது. எல்லாத் துப்பாக்கியும் அப்படியே!

"யோவ், கல்லு எங்கய்யா?" என்று கத்தினார்.

துப்பாக்கிகளோடு கூடவே வந்த செலிதோர் என்ற ஹைட்டிக் கொல்லன் இடுப்புப் பையைத் தட்டிக் காட்டினான்.

"கல்லு இங்க இருக்கு தொரே. சுமந்துட்டு வந்தானே, அவன் கைக்குத்தான் குடுப்பேன். அதுக்கு முன்னாடி அவன விடுதலை பண்ணு."

"எங்க சண்டையில நீ யாருடா நடுவுல?"

"சண்டை உங்களுது, துப்பாக்கி எங்களுது. கல்லு இல்லாம வேணும்னா எடுத்துட்டுப் போ. மாடு மேய்க்க ஆகும்."

சிரிக்கிறீர்களா? அன்று நாங்கள் சிரிக்கவில்லை. மலைக்கு அப்பால் ஸ்பானியரின் முரசு கேட்டது. எசமானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"சரிய்யா சரி! துப்பாக்கி எடுக்கிறவன் எல்லாம் விடுதலை! போதுமா?"

நாங்கள் வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு துப்பாக்கி, ஆளுக்கொரு கல். நான் வாங்கினேன். எனக்குப் பின்னால் ரெமிகியா கையை நீட்டி ஒரு துப்பாக்கியை எடுத்தாள்.

"இவளுமா? போடி, போய் அடுப்பப் பாரு!" என்று துப்பாக்கியைப் பிடுங்கினார் எசமான்.

செலிதோர் பையைத் துழாவி ஒரு கல்லை அவள் உள்ளங்கையில் வைத்தான். "துப்பாக்கிய அவன் தரல. கல்லு என்னுது, நான் தரேன். பத்திரமா வெச்சுக்கோ தங்கச்சி."

அந்தப் புண்ணியவான் அடுத்த சண்டையிலேயே விழுந்துவிட்டான். போர் முடிந்ததும் நான் எசமான் முன் போய் நின்றேன். "ஐயா, ரெமிகியாவ விடுங்க."

"அவ துப்பாக்கி எடுத்தாளா? இல்லையே. நான் வாக்கு மாறலடா" என்றார்.

துப்பாக்கியைப் பிடுங்கியவர் யார்? அவர்! எடுக்கவில்லை என்று சொன்னவர் யார்? அவரே! நாடு விடுதலை பெற்றது, நான் விடுதலை பெற்றேன், என் மனைவி பெறவில்லை. அக்கரைத் துப்பாக்கியை ஒரே நாளில் வாங்கிக்கொண்டோம். அதற்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நமக்கு முப்பத்தெட்டு ஆண்டு பிடித்தது! வெட்கமாக இருக்கிறது பெரியோர்களே, வெட்கமாக இருக்கிறது. அத்தனை ஆண்டும் அந்தக் கல்லால் அவள் எசமான் வீட்டு அடுப்பைத்தான் மூட்டினாள். கல் தேய்ந்து நகத்தளவு ஆகிவிட்டது.

இன்று காலை அதே கல்லைத் தட்டி எங்கள் வீட்டு அடுப்பை மூட்டினாள். முதல் தடவை பற்றவில்லை. நான் உதவப் போனேன், "தள்ளு" என்றாள். இரண்டாம் தடவை பற்றிக்கொண்டது.

பொறுமையாய்க் கேட்ட அவைக்கு நன்றி. அக்கரையில் பிறந்து நம் மலையில் புதைந்த செலிதோருக்கு நன்றி. கடைசிக்கு வைத்த வணக்கத்தை இப்போது சொல்கிறேன்.

வெனிசுவேலாவின் சுதந்திரக் குடிமகள், திருமதி ரெமிகியா அவர்களே, வணக்கம்!