ஒரு பூஜ்யமும் மூன்று புலிகளும்

டீ சொல்லியிருக்கிறேன் சார், வந்துவிடும். அதுவரை அந்தக் கல்லில் மட்டும் உட்காராதீர்கள். ஆடு புலி ஆட்டக் கட்டம் அழிந்துவிடும். என் ரத்தப் பரிசோதனைக் கடை வாசலில் அது பதினொரு வருஷமாகக் கிடக்கிறது.

காசி அண்ணன் மலைமேல் சாமையும் புளியும் விளைக்கிறவர். சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் வந்து, விற்றது போக மிச்ச மூட்டையோடு இங்கே உட்காருவார். மூன்று கூழாங்கல் புலிகள் எனக்கு. பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள் அவருக்கு. தோற்றவன் ஜெயித்தவனின் மூட்டையைப் பஸ் நிற்கும் இடம்வரை தலையில் சுமக்க வேண்டும். நாங்களே வைத்துக்கொண்ட சட்டம் அது. பதினொரு வருஷமும் நான்தான் சுமந்தேன். டீக்கடை ரஞ்சித் விடாமல், "இன்னா ஜீவா, இன்னிக்கும் மூட்டையா?" என்பான். எனக்குக் கோபமே வராது சார், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மாசியில் அண்ணனுக்கு இடது கால் வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறது என்று டாக்டர் ஷோபனா மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார். வைகாசியில் டி-டைமர் எழுதி என்னிடம் அனுப்பினார். உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சுகிற துணுக்கை அளக்கும் பரிசோதனை அது. போனிலும் சொன்னார்.

"காரணமே இல்லாம உறைஞ்சிருக்கு ஜீவானந்தம். மாத்திரைக்கு அப்புறமும் நம்பர் எறங்கலைன்னா உள்ள எங்கயாவது கேன்சர் இருக்கலாம். நம்பரை மட்டும் வச்சு சொல்ல முடியாது. ஆனா ஒடனே ஸ்கேனுக்கு வேலூர் அனுப்பிடணும்."

ஐநூறுக்குள் இருக்க வேண்டும். மெஷின் நாலாயிரத்து இருநூறு காட்டியது.

வேலூரில் அவர் மகள் ரம்யா இருக்கிறாள். போனால் லேசில் திருப்பி அனுப்ப மாட்டாள். அந்த வாரம் பார்த்துத்தான் புலிக்கு ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தேன். ஒரு வாரம்தானே என்று ரிப்போர்ட்டில் கடைசிப் பூஜ்யத்தை எடுத்தேன். நானூற்று இருபது. ஒரு பூஜ்யத்துக்கு அப்படி என்ன மதிப்பு, சொல்லுங்கள்.

"ரத்தம் நல்லாகீதாப்பா?" என்றார் அண்ணன்.

"ஜோரா கீதுண்ணா. அடுத்த சந்தைக்கு வந்துடுங்க."

வந்தார். என் மூன்று புலிகளையும் மூலையில் அடைத்துவிட்டு, கட்டை மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அதனால் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. ஆடியில் டாக்டர் மறுபடி எழுதியபோது ஆறாயிரத்து நூறு. பூஜ்யத்தை எடுத்தாலும் ஐநூறைத் தாண்டுகிறது, சனியன். பழைய நானூற்று இருபதையே போட்டேன். ரிப்போர்ட் என்றால் வாராவாரம் பேச்சு மாறக் கூடாது.

அண்ணன் இளைத்துக்கொண்டே போனார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "துன்றது ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதுப்பா" என்றார். பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது சார். என் நாற்காலியைக்கூட அவருக்குக் கொடுத்தேன்.

ஆவணிக் கடைசிச் சந்தை. அவருக்குக் கண் மஞ்சளாக இருந்தது. விரல் நடுங்கி, ஓர் ஆட்டைத் திறந்த இடத்தில் வைத்தார். வெட்டினேன். பிறகு இன்னொன்று. ஆறாவது ஆட்டோடு கதை முடிந்தது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி வரவில்லை.

சட்டப்படி என் மூட்டையை அவர் சுமக்க வேண்டும். என்னிடம் மூட்டை ஏது? பழைய ரிப்போர்ட் புத்தகங்களைக் கோணியில் கட்டினேன். வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன், ஒரு தடவை. "சொன்னா சொன்னதுதான், ஏத்துப்பா" என்றார். ஏற்றிவிட்டேன். ரஞ்சித் கடைவரை போய் உட்கார்ந்துவிட்டார்.

ரஞ்சித் போன் போட்டு, அன்றே ரம்யா வந்து வேலூருக்கு அழைத்துப் போனாள். கணையத்தில் கேன்சர், கல்லீரல்வரை பரவியிருக்கிறது, ரொம்பத் தாமதம் என்றார்களாம். பதினைந்தாம் நாள் போய்விட்டார்.

மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ எண்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன. இரண்டு தடவையும் மாற்றியது நான்தான், தெரிந்தே மாற்றினேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஜெயிப்பு செல்லாது என்று ரஞ்சித் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்: அந்த ஆட்டத்தில் நான் எந்த ஏமாற்று வேலையும் செய்யவில்லை.